ரிவியூவரின் நான்காவது கேள்வி

முதல் ரிவியூவர் நல்ல மனிதர். வெளியிடலாமா என்று பார்க்கச் சொல்லி ஜர்னல் அனுப்பிய எங்கள் பேப்பரை அவர் முழுசாகப் படித்திருக்க மாட்டார் என்பது என் சந்தேகம். "சுவாரசியமான ஆய்வு, படங்களின் எழுத்தைப் பெரிதாக்கவும்" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். இரண்டாம் ரிவியூவர் ஒன்பது கேள்வி கேட்டிருந்தார். ரிவியூவர்களின் பெயரை ஜர்னல் சொல்லாது. ஆணா பெண்ணா, எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் நான்காவது கேள்வியைப் படித்ததும், இந்த ஆளை ஒரு நாள் நேரில் பிடித்து நாலு வார்த்தை கேட்காமல் விடக்கூடாது என்று பல்லைக் கடித்தேன்.

"அமாவாசை நாட்களில் ஆறு கிணறுகளிலும் நீர்மட்டம் முந்தைய நாள் அளவிலேயே நிற்கிறது, ஒரு சென்டிமீட்டர்கூட மாறவில்லை. நிலாவின் ஈர்ப்புதான் காரணமென்றால் பௌர்ணமியிலும் அது தெரிய வேண்டும். தெரியவில்லை. அளவுகளை எடுத்தவர் யார்? எத்தனை மணிக்கு எடுத்தார்?"

முப்பது நாளுக்குள் பதில் அனுப்ப வேண்டும். எனக்கு அதைவிடப் பெரிய கெடு ஒன்று இருந்தது. கௌரவ விரிவுரையாளராக வேலை பார்த்துக்கொண்டே ஐந்து வருஷமாகப் பகுதி நேர பி.எச்டி. செய்துகொண்டிருந்தேன். இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று. ஜூன் முப்பதோடு பதிவு காலாவதி. அதற்குள் ஒரு பேப்பராவது ஜர்னலில் ஏற்கப்பட்டால்தான் தீசிஸைச் சமர்ப்பிக்க முடியும். கையில் இருந்தது இந்த ஒன்றுதான்.

என் ஆய்வு எளிமையானது. செஞ்சியிலிருந்து மேல்மலையனூர் போகும் சாலையோரம் ஆறு விவசாயக் கிணறுகளில், இரண்டு வருஷம் தினமும் காலை எட்டு மணிக்குத் தண்ணீர் எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று அளப்பது. தினமும் நான் போக முடியாது. அதனால் இளையபெருமாள் அண்ணனைப் பிடித்தேன். அந்தச் சாலையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். போகிற வழியில் ஒவ்வொரு கிணற்றிலும் டேப்பை இறக்கிப் பார்த்து வாட்ஸ்அப்பில் எண்களை அனுப்பிவிடுவார். இரண்டு வருஷத்தில், ஆரம்பத்தில் ஒரே ஒரு நாளைத் தவிர, ஒரு நாள்கூடக் காலியில்லை. என்னோடு படிக்கிறவர்களெல்லாம் பொறாமைப்பட்டார்கள்.

பேப்பரை எழுதியபோது முதல் பெயர் என்னுடையது, இரண்டாவது பெயர் என் கைடு பேராசிரியர் சிவசங்கருடையது. கோடைக்குக் கோடை கிணறுகள் இறங்குகின்றன என்பதைத்தான் நான் எழுதியிருந்தேன். சார் எண்களைப் புரட்டிக்கொண்டே வந்து, திடீரென்று நாற்காலியை விட்டு எழுந்தார்.

"அஃப்ஷான், அமாவாசையைப் பாரும்மா! அன்னிக்கு மட்டும் தண்ணி இறங்கல. மறுநாள் ரெண்டு நாள் இறக்கத்தையும் சேர்த்து இறங்குது. இருபத்தஞ்சு அமாவாசையிலயும் அப்படியே! இது நிலாவோட வேலை."

எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது, பொய் சொல்வானேன். சார் பேப்பரைப் புதிதாக எழுதினார். நிலா தலைப்புக்கு வந்தது, அவர் பெயர் முதலுக்கு வந்தது. கரஸ்பாண்டிங் ஆத்தரும் அவரே, அதாவது ஜர்னலோடு பேசுகிறவர், பேப்பருக்குப் பதில் சொல்கிறவர். நான் இரண்டாவதானேன். "உழைப்பு வேற, சிந்தனை வேறம்மா" என்றார். வயிறு எரிந்தது. ஆனால் தீசிஸில் கையெழுத்துப் போட வேண்டியவரோடு யார் சண்டை போடுவது?

ரிவியூவரின் கேள்விக்கு என்ன எழுதலாம் என்று கேட்டதற்கு, "பயிற்சி பெற்ற களப்பணியாளர், காலை எட்டு மணின்னு ஒரு வரி போட்டுடு" என்றார். போட்டுவிடலாம்தான். ஆனால் அந்தப் பௌர்ணமி விஷயம் முள்ளாகக் குத்தியது. அடுத்த வாரமே அமாவாசை வந்தது. நானே போய் அளந்து, அதையும் பதிலில் சேர்த்து, அந்த ஆளின் வாயை அடைத்துவிடலாம் என்று ஸ்கூட்டியை எடுத்தேன்.

அன்றைக்குச் சாலையைப் பார்க்க வேண்டுமே. அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் விடிந்ததிலிருந்தே. ஸ்பெஷல் பஸ், வேன், டாடா ஏஸ், எல்லாம் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு போயின. மாதாமாதம் இந்த நாளில் பஸ் கிடைக்காமல் நான் கல்லூரிக்கு லேட்டாகப் போய்த் திட்டு வாங்குகிறேன். பஸ் ஸ்டாண்டில் செல்போன் கடை வைத்திருக்கும் என் கணவர் பிலால், மற்ற நாளெல்லாம் ஈ ஓட்டிவிட்டு, அமாவாசையில் மட்டும் சாப்பிடக்கூட நேரமில்லாமல் சார்ஜர் விற்பார். இத்தனையும் தெரிந்த செஞ்சிக்காரிதான் நான்.

மூன்றாவது கிணறு குஞ்சம்மாளுடையது. மல்லாட்டைச் செடிக்கு, அதாவது வேர்க்கடலைக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தவள் என்னைப் பார்த்து வரப்புக்கு வந்தாள்.

"இன்னா டீச்சர், நீயே வந்துட்ட?"

"ஆமாங்க. இன்னிக்கு நானே அளக்கலாம்னு."

"அதானே. அமாவாசையில அவன் எங்க நிப்பான்?" என்று சிரித்துவிட்டுச் செடிக்குள் போய்விட்டாள்.

எனக்கு அது உடனே உறைக்கவில்லை. டேப்பை இறக்கினேன். பதினொரு மீட்டர் நாற்பத்தைந்து. முந்தைய நாள் இளையபெருமாள் அண்ணன் அனுப்பியது பதினொன்று நாற்பத்திரண்டு. மூன்று சென்டிமீட்டர் இறங்கியிருந்தது, அந்த மாதத்தின் மற்ற நாட்களைப் போலவே. இன்னொரு முறை இறக்கினேன். அதே நாற்பத்தைந்து. அப்போதுதான் சாலையில் ஹாரன் கேட்டது. நிமிர்ந்தால், அவருடைய ஆட்டோ. உள்ளே எத்தனை பேர் என்று எண்ண முடியவில்லை, பின்கம்பியில்கூட இரண்டு பேர் தொங்கினார்கள். இளையபெருமாள் அண்ணன் என்னைப் பார்த்து ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, நிற்காமல் போனார். பத்து மணிக்கு வாட்ஸ்அப் வந்தது. மூன்றாவது கிணறு: பதினொன்று நாற்பத்திரண்டு.

மற்ற மூன்று கிணறுகளையும் அளந்து முடித்தேன். ஆறிலும் தண்ணீர் இறங்கியிருந்தது. நிலா எதையும் நிறுத்தவில்லை.

மறுநாள் ஆட்டோ ஸ்டாண்டில் அவரைப் பிடித்தேன். மறைக்கவெல்லாம் இல்லை. கேட்டதுமே சொல்லிவிட்டார்.

"அமாவாசையில எங்க டீச்சர் நிக்கறது? ஆறு கெணத்துக்கும் எறங்கி ஏறினா ஒரு ட்ரிப்பே போயிடும். சனங்க சும்மா வுடுமா? அதான் மொத நாள் நம்பரையே போட்டுடுவேன். ஒரு நாளு தானே, தண்ணி எங்க ஓடிடப் போவுதுன்னு நெனச்சேன்."

"அளக்கலன்னு சொல்லியிருக்கலாமே அண்ணா. காலியா விட்டிருந்தா போதுமே."

"நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, ஒரு கட்டம்கூட காலியா இருக்கக் கூடாதுன்னு? ஆரம்பத்துல ஒருநாள் காய்ச்சல்னு வுட்டுட்டேன். அதுக்கு எப்படிக் கத்தினீங்க? அதுக்கப்புறம் ஒடம்பு முடியலன்னாக்கூட எங்க வூட்டுக்காரிய அனுப்பி அளந்தேன். அமாவாசைதான் முடியல."

கத்தியிருந்தேன். நன்றாக ஞாபகம் இருந்தது. டேட்டா என்றால் என்ன, அதில் ஒரு ஓட்டை விழுந்தால் என்ன ஆகும் என்று கால் மணி நேரம் பிரசங்கம் செய்திருந்தேன். அவரும் சரியாகத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"இதனால உங்களுக்கு இன்னா ஆவும் டீச்சர்?" என்றார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"பார்க்கலாம் அண்ணா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்றைக்கே சாருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும் சார்."

"அதைக் கேக்கல. ரிவியூவருக்குத் தெரியாதில்ல? அவன் சந்தேகம்தான் படறான். ஜூன் முப்பது ஞாபகம் இருக்கட்டும். இது போச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"அமாவாசை நாளை எல்லாம் எடுத்துட்டு, பழையபடி நீர்மட்டம் இறங்கறதை மட்டும் எழுதலாமே சார்?"

"அது புது பேப்பர்மா. மறுபடி முதல்லேர்ந்து ஆறு மாசம், எட்டு மாசம். உனக்கு ஏது அவ்வளவு நாள்?"

கணக்கு சரிதான். போனை வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். குரலில் தேன் ஒழுகியது.

"யோசிச்சுப் பார்த்தேன்மா. ரெண்டு வருஷம் வெயில்ல அலைஞ்சது நீ. நியாயமாப் பார்த்தா உன் பேர்தான் முதல்ல வரணும். கரஸ்பாண்டிங் ஆத்தரும் நீயே இரு. என் பேர் கடைசியில இருந்தா போதும். மாத்தறதுக்கு ஜர்னல் ஃபாரம் அனுப்பியிருக்கேன், கையெழுத்துப் போட்டு அனுப்பிடு. ரிவியூவருக்குப் பதிலையும் நீயே எழுதிடு."

கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் அனுப்பினேன். இத்தனை வருஷம் இதற்காகத்தானே ஏங்கினேன். சாயங்காலம் ஜர்னலின் மெயில் வந்தது. முதல் பெயர், அஃப்ஷான். கடைக்கு ஓடிப்போய் பிலாலிடம் காட்டினேன். அவர் அதை இரண்டு முறை படித்தார்.

"அந்தக் கிணத்து விஷயத்த அவர்கிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேனே."

"சொன்னதுக்கு அப்புறமா குடுத்தாரு?"

அவ்வளவுதான் கேட்டார். ஒரு வாடிக்கையாளர் ஸ்கிரீன் கார்டு ஒட்டச் சொன்னதும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். நான் கடை ஸ்டூலில் உட்கார்ந்து ஃபாரத்தை முதல் முறையாக ஒழுங்காகப் படித்தேன். பேப்பரிலுள்ள எண்கள் அனைத்தும் உண்மையானவை என்பதற்குக் கரஸ்பாண்டிங் ஆத்தரே பொறுப்பு. ஜர்னலின் கேள்விகளுக்கு அவரே பதில் சொல்வார். பேப்பர் சம்பந்தமான எந்த முடிவையும் மற்றவர்கள் சார்பில் அவரே எடுக்கலாம். வீட்டில் நல்ல சோறு இருந்தவரை என் தட்டை எடுத்து வைத்துவிட்டு, ஊசிப்போன பிறகு கூப்பிட்டு இலை போடுகிறார் சார். அதற்கு நான் பல்லை இளித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தும் விட்டேன். அவர்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்த கோபம்தான் அதிகம்.

அதற்கப்புறமும் நான் உடனே வீராங்கனை ஆகிவிடவில்லை. பத்து நாள் அந்த ஒரு வரியை எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன். பயிற்சி பெற்ற களப்பணியாளர், காலை எட்டு மணி. எழுதி அனுப்பினால் ஏற்பார்கள், தீசிஸ் போகும், பெயருக்கு முன்னால் டாக்டர் வரும். பின்னால் யாராவது எங்கள் பேப்பரைப் படித்துவிட்டு, நிலா தண்ணீரைப் பிடித்து நிறுத்துகிறது என்று வகுப்பில் பாடம் நடத்துவார்கள். அது குஞ்சம்மாள் காதில் விழுந்தால் எப்படிச் சிரிப்பாள் என்று நினைத்தேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பதினோராம் நாள் கல்லூரியில் மதிய இடைவேளையில் எடிட்டருக்கு எழுதினேன். நான்காவது கேள்விக்கான பதில்: அளவு எடுத்தவர் இளையபெருமாள், ஷேர் ஆட்டோ ஓட்டுநர். அமாவாசை நாட்களில் அளவு எடுக்கப்படவில்லை, முந்தைய நாளின் எண்ணே எழுதப்பட்டது. எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது என்று அவரை மிரட்டியது நான். மற்ற நாட்களின் அளவுகள் சரியானவை. பேப்பரின் முடிவு தவறானது, எனவே திரும்பப் பெறுகிறேன். சந்தேகப்பட்ட ரிவியூவருக்கு நன்றி சொல்லவும்.

நாலரை மணிக்குச் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது போன் அடித்தது. பேப்பரைத் திரும்பப் பெற்றால் ஜர்னல் எல்லா ஆசிரியர்களுக்கும் மெயில் அனுப்பும். சார் கத்திய கத்தலில் பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"யாரைக் கேட்டு வாபஸ் வாங்கின?"

"கரஸ்பாண்டிங் ஆத்தர் நான்தானே சார். யாரையும் கேக்க வேண்டியதில்லன்னு நீங்க அனுப்பின ஃபாரத்துலயே இருக்குது."

"உன் பி.எச்டி. போச்சு. தெரியும்ல?"

"தெரியும் சார்."

போனைப் பையில் போட்டேன். திண்டிவனம் பஸ் நிற்கிற இடத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு, யார் பார்த்தால் என்ன என்று அழுதேன். ஐந்து வருஷத்தில் என் பெயர் முதலில் வந்த பேப்பர் அது ஒன்றுதான். பதினொரு நாள் இருந்தது, நானே எடுத்துவிட்டேன்.