சுத்த சைவ மீன்

ஏழாவது தங்கமீனையும் காணவில்லை.

செங்கம் சாலை விடுதியின் முற்றத்தில், தாமரை வளர்த்த சிமென்ட் தொட்டியைச் சுற்றி மூன்று பேர் நின்றார்கள். விடுதிக்காரி ஆதிலட்சுமி. மேனேஜர் பாலாஜி. நடுவில், குற்றவாளி காசி.

காசி தோட்டக்காரன். அந்த வளாகத்திலேயே மீன் சாப்பிடுகிற ஒரே ஆள். வாசலில் ‘சுத்த சைவம்’ என்று போர்டு மாட்டிய இடத்தில் வேறு சாட்சி எதற்கு?

"பன்னெண்டு விட்டோம். இப்ப அஞ்சு" என்றான் பாலாஜி. "இவன் டிபன் பாக்ஸை மோந்து பாருங்கம்மா."

"சார், கட்டைவிரல் தண்டி மீனு. ஏழையும் சேத்து வறுத்தாலும் ஒரு வாய்க்குக் கம்மி. அதுக்குப் போயி திருடுவனா?"

"அப்ப பெருசா இருந்தா எடுப்பியா?" என்றார் ஆதிலட்சுமி.

காசி கப்பென்று வாயை மூடிக்கொண்டான். அதற்குள் தாமதமாகிவிட்டது.

"நாளையிலருந்து வேலைக்கு வராத."

பதினோரு வருஷ வேலை. தொட்டியிலிருந்த ஒவ்வொரு தாமரையும் அவன் நட்டது. காசி தொட்டிக்குள் கையைக் காட்டினான்.

"இதுல இன்னொரு மீன் இருக்குதேம்மா. அத விசாரிச்சீங்களா?"

தாமரைச் சட்டிக்கு அடியில் கறுப்பாக ஒன்று அசையாமல் கிடந்தது. ‘சக்கர் மீன்மா, பாசியைத் தவிர எதையும் தொடாது, பிறவி சைவம்’ என்று சொல்லி, தொட்டியைச் சுத்தம் செய்ய ஆறு மாதம் முன்பு பாலாஜி ரோட்டோரக் கடையில் வாங்கி வந்தது. தினமும் காலையில் ஆதிலட்சுமி கையால் அதற்கு அரை இட்லி. பகல் முழுக்க ஆடாமல் அசையாமல் இருப்பதைப் பார்த்து, மாடி அறையில் தங்கியிருந்த வேதா மேடம் அது தியானத்தில் இருப்பதாகவே முடிவு கட்டியிருந்தார்.

"அந்த ஜீவன் மேலயா பழி போடற?" என்றார் ஆதிலட்சுமி.

"அம்மா, சக்கருக்கு வாய் அடியில இருக்கும். பாறையில ஒட்டிக்கும். இதுக்கு எட்டு மீசை இருக்குது பாருங்க. எங்க ஏரிக் கெளுத்திம்மா இது! பகல்ல சேத்துல, கல்லு சந்துல பதுங்கிக்கும். இருட்டுனா மீசையால தடவித் தடவி வேட்டைதான். புழு, நத்தை, சின்ன மீனு, எதையும் வுடாது. குடுத்தா இட்லியும் துண்ணும்."

"இருட்டட்டும், பாக்கலாம்" என்று பாலாஜி சிரித்தான். "அதுக்குள்ள நீ கணக்கு முடிச்சுக் கெளம்பிடுவ."

காலை பதினோரு மணி. காசி சுற்றிலும் பார்த்தான். சைக்கிள்களை மூடியிருந்த கறுப்புத் தார்ப்பாய் கண்ணில் பட்டது.

விறுவிறுவென்று இழுத்து வந்தான். தொட்டிமேல் போட்டான். ஓரங்களில் செங்கல் வைத்தான்.

தொட்டிக்குள் ராத்திரி ஆகிவிட்டது.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். பாலாஜி கொட்டாவி விட்டான். காசியின் நெற்றியில் வேர்வை.

சளக்!

காசி ஓரத்தைத் தூக்கினான். ஆதிலட்சுமி மொபைல் டார்ச்சோடு தலையை உள்ளே விட்டார்.

தார்ப்பாய்க்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"அடப்பாவி! காலையிலதானேடா இட்லி சாப்பிட்ட!"

வெளிச்சத்தில் எட்டு மீசை. வாயோரத்தில் துடிக்கும் ஆரஞ்சு வால்.

"நான் புடிக்கிறேன்மா" என்று பாலாஜி அவசரமாகக் கையை விட்டான். மீனை வாங்கி வந்தவன் மேல் பழி திரும்பிவிடுமோ என்ற அவசரம்.

"சார், துடுப்புல முள்ளு..."

பாலாஜி அலறியதில் மாடி ஜன்னல்கள் திறந்தன.

கடைசியில் காசிதான் பக்கெட்டில் பிடித்தான். வெளியே எடுத்தபோது அது ‘க்ர்ர்க்’ என்று எதிர்ப்பைப் பதிவு செய்தது.

"ஏரியில விட்டுட்டு வா காசி" என்றார் ஆதிலட்சுமி. இரண்டடி நடந்தவனை நிறுத்தினார். "ஏரியில."

"ஏரியிலதாம்மா."

"இரு, நானும் வரேன். நாளைக்கு எட்டு மணிக்கு வேலைக்கு வந்துடு."

மறுநாள் காலை வேதா மேடம் தொட்டியருகே வந்து திகைத்தார். "மீன் எங்கப்பா? இனிமே பாசியை யார் எடுப்பாங்க?"

முழங்கால் வரை பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு, கட்டுப் போட்ட கையில் பிரஷோடு தண்ணீருக்குள் நின்ற பாலாஜியைக் காசி காட்டினான்.

"அதோ. இது நெஜமாவே சுத்த சைவம் மேடம்."