சாட்சிக் கையெழுத்து

ஆபரேஷன் முடிந்து வருகிறவர்களைப் படுக்கவைக்கும் வார்டில், "அந்த வலிக்காத நர்ஸை அனுப்புங்க" என்று நோயாளிகள் கேட்பார்கள். அவள் ஊசி போட்டால் போட்டதே தெரியாது. அதே கை அவள் தொடையிலும் ஊசி போட்டுக்கொண்டிருந்தது பதினாலு மாதம் யாருக்கும் தெரியவில்லை.

முதுகுவலியில்தான் ஆரம்பித்தது. கனத்த நோயாளி ஒருவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது இடுப்புக்கு மேலே பிடித்துக்கொண்டது. லீவு கேட்டாள். ஆள் இல்லை என்றார்கள். மாத்திரை இரண்டு வாரத்தில் வேலை செய்வதை நிறுத்தியது. ஒரு மதியம், நோயாளிக்கு மார்ஃபின் வலிமருந்து பாதிக் குப்பி போதும் என்று டாக்டர் எழுதியிருந்தார். மீதியை இன்னொரு நர்ஸ் பார்க்க சிங்க்கில் கொட்டி, இருவரும் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அவள் கொட்டவில்லை. ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு தனக்கே போட்டுக்கொண்டாள். முதுகுவலி மட்டுமல்ல, புருஷன் விட்டுப்போன நாளிலிருந்து நெஞ்சுக்குள் அடித்துக்கொண்டிருந்ததும் அடங்கிப்போனது.

சாட்சியாகக் கையெழுத்துப் போட்டது அண்ணி. கூடப்பிறந்த அண்ணனின் மனைவி, அதே வார்டில் சீனியர். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அண்ணிதான். இருபத்தெட்டு கட்டில், நாலு நர்ஸ். நின்று பார்க்க யாருக்கு நேரம்?

"கொட்டிட்டியா?"

"கொட்டிட்டேன் அண்ணி."

அவ்வளவுதான். அதன் பிறகும் ஒவ்வொரு தடவையும் அண்ணி நடந்துகொண்டே கையெழுத்துப் போடுவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அண்ணி பஞ்சு எடுக்க ஸ்டோர் ரூமுக்குள் வந்தாள். பார்த்துவிட்டாள். கத்தவில்லை. உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"எத்தனை நாளா?"

"இப்பத்தான்... இன்னைக்குத்தான்."

"தொடையைக் காட்டு."

காட்டினாள். அண்ணி அப்படியே கையுறைப் பெட்டிகள் மேல் உட்கார்ந்துவிட்டாள். தன் கையெழுத்துகள் வரிசையாகக் கண்ணுக்கு முன்னால் ஓடியிருக்க வேண்டும்.

"வா, ஹெட் நர்ஸ்கிட்ட போவோம். நானும் கூட வரேன்."

"வேண்டாம் அண்ணி. சொன்னீங்கன்னா செத்துடுவேன். ஒரு வாரம் மட்டும் டைம் குடுங்க. நானே நிறுத்திட்டு நானே போய்ச் சொல்றேன்."

காலைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கை உதறிக்கொண்டிருந்தது. அண்ணிக்கு அந்தக் கையைத் தள்ளிவிட மனசு வரவில்லை. அந்த வாரம் அண்ணி தெரிந்தே நாலு கையெழுத்துப் போட்டாள். ஆறாவது நாள் மருந்தகத்தில் பதிவேட்டைச் சரிபார்த்தவர்கள், ஒரே ஆள் பேரில் இவ்வளவு மீதி கொட்டப்பட்டது எப்படி என்று கேட்டார்கள்.

அவள் முதலில் ஓடியது வக்கீலிடம். டாக்டர், நர்ஸ்களின் லைசென்ஸ் கேஸ் மட்டுமே எடுக்கும் அம்மா அவர். கேட்டுவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்:

"போதைப் பழக்கத்தை நர்சிங் கவுன்சில் வியாதியாத்தான் பாக்குது. அவங்க கூப்பிடறதுக்கு முன்னாடி நீங்களே போய் ஒத்துக்கிட்டா சிகிச்சைக்கு அனுப்புவாங்க, ரெண்டு வருஷம் கண்காணிப்பு, லைசென்ஸ் தப்பிச்சுடும். ஆனா கூட வேலை பாக்கறவங்களை ஏமாத்தி எடுத்தீங்கன்னா அதுக்குப் பேரு வேற. சாட்சி போட்டவங்களுக்குத் தெரியுமா?"

"கடைசி வாரம் தெரியும்."

"கடைசி வாரம் மட்டுந்தானா?"

வக்கீல் பேனாவை மூடினார். "நான் எதையும் சொல்லிக் குடுக்க மாட்டேன். நல்லா ஞாபகப்படுத்தி எழுதுங்க. பக்கத்து ரூம்ல ஒரு போன் பேசிட்டு வரேன்."

திரும்பி வருவதற்குள் அவள் எழுதி முடித்திருந்தாள். 'சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். நான் உதவி கேட்க நினைத்தபோது, வெளியே தெரிந்தால் குடும்ப மானம் போய்விடும் என்று தடுத்தார்.' எழுதும்போது கை நடுங்கவே இல்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியம்.

கவுன்சில் விசாரணையில் அண்ணி நீளமான மேஜைக்கு இந்தப் பக்கம் தனியாக உட்கார்ந்திருந்தாள். வக்கீல் வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. நடந்ததைச் சொன்னால் போதும் என்று நம்பி வந்திருந்தாள்.

"எனக்கு அந்தக் கடைசி வாரந்தான் தெரியும் சார்."

"அப்ப அந்த வாரம் தெரிஞ்சே போட்டீங்க?"

"ஆமா."

"அதுக்கு முன்னாடி பதினாலு மாசமும் பாக்காமலே போட்டீங்க?"

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். "ஆமா."

"ரெண்டுல எது சின்னத் தப்புன்னு நீங்களே சொல்லுங்கம்மா."

எனக்கும் ஏதாவது கண்காணிப்பு, பயிற்சி என்று கொடுக்கக் கூடாதா என்று கேட்டாள். மேஜையின் ஓரத்தில் இருந்த வயதான பெண் உறுப்பினர் கனிவாகவே சொன்னார்: "அதெல்லாம் வியாதிக்காரங்களுக்கும்மா. உங்களுக்குத்தான் வியாதி ஒண்ணும் இல்லையே."

பத்தொன்பது வருஷ லைசென்ஸ் அன்றோடு போனது.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அப்பா அம்மா போன பிறகு தங்கையைத் தோளில் போட்டு வளர்த்தவன். கவுன்சில் அனுப்பிய வாக்குமூலத்தின் நகலைச் சமையலறையில் நின்றபடியே படித்தான்.

"என் தங்கச்சி பதினாலு மாசம் கொஞ்சங் கொஞ்சமா செத்துக்கிட்டிருந்திருக்கா. நீ பக்கத்துலயே நின்னு வேடிக்கை பாத்திருக்க. உனக்கு மானந்தான் பெருசாப் போச்சா?"

"அவ பொய் எழுதியிருக்கா. அவளையே கேளுங்க."

அப்போது அவள் சிகிச்சை இல்லத்தில் இருந்தாள். ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் போன் பேசலாம். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டான்.

"சொல்லும்மா, பயப்படாத. இவளுக்கு எப்பத் தெரியும்?"

போனில் யாரோ பாத்திரம் நகர்த்தும் சத்தம் மட்டும் வந்தது. அண்ணி சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் எழுதிக் குடுத்ததுதாண்ணா உண்மை."

அந்த மாதமே அண்ணன் பெட்டியோடு வெளியேறி, தங்கை வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டான். அண்ணி படுத்த படுக்கையாக இருப்பவர்களைக் குளிப்பாட்ட வீடு வீடாகப் போனாள். அதற்கு லைசென்ஸ் தேவையில்லை.

ஒரே ஒரு தடவை தேடிக்கொண்டு வந்தாள். சிறுநீர்ப் பரிசோதனைக்கு அவள் காத்திருக்கும் இடத்துக்கே வந்து பக்கத்து இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். கைகள் சோப்புத் தண்ணியில் ஊறித் தோலுரிந்திருந்தன.

"அப்பீலுக்கு இன்னும் இருபது நாள் இருக்கு. ஒரு வரி எழுதிக் குடு. கடைசி வாரந்தான் எனக்குத் தெரியும்னு. உண்மை அதுதானே."

"மாத்தி எழுதினா முன்னாடி எழுதினது பொய்யின்னு ஆயிடும் அண்ணி. என் லைசென்ஸ் போயிடும்."

"என்னோடது போயிடுச்சே."

"நீங்க தைரியசாலி, தாங்கிக்குவீங்க. எனக்கு இதுவும் போச்சுன்னா மறுபடி ஊசிதான். செத்துடுவேன்."

"இதைச் சொல்லித்தான் அன்னைக்கும் கையெழுத்து வாங்கின." அண்ணி குரலை உயர்த்தவில்லை. "சரி, கவுன்சிலுக்கு எழுத வேண்டாம். உங்க அண்ணன் காதுல மட்டும் சொல்லு. வேற யாருக்கும் தெரிய வேண்டாம்."

அவள் யோசித்தாள். அண்ணன் வாயில் எதுவும் நிற்காது. நேராக கவுன்சில் வாசலில் போய் நிற்பான். அதற்குள் அவளுடைய நம்பரைக் கூப்பிட்டார்கள். டப்பாவை வாங்கிக்கொண்டு, கூட நின்று கண்காணிக்கும் பெண்ணின் பின்னால் போனாள். வேண்டுமென்றே நேரம் எடுத்துக்கொண்டாள். வெளியே வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கினது போல மூச்சு விட்டாள்.

ரெண்டு வருஷத்தில் ஒரு பரிசோதனைகூடத் தப்பவில்லை. லைசென்ஸில் இருந்த நிபந்தனைகளை எல்லாம் நீக்கிவிட்டதாகக் கவுன்சில் கடிதம் வந்தது. அண்ணன் அதை ரெண்டு தரம் வாசித்துவிட்டுக் குழந்தை மாதிரி அழுதான்.

"பொழைச்சு வந்துட்டியேம்மா. அந்தப் பாவி மட்டும் அன்னைக்கே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீ இவ்வளவு படவேண்டாமே. சாகிற வரைக்கும் அவ முகத்துல முழிக்க மாட்டேன்."

"பழசையெல்லாம் விடுண்ணா," என்றாள். "சோறு ஆறிடும், உக்காரு."

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நன்றாகப் பசித்திருக்க வேண்டும். ரெண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.