பழைய தராசு

செரின் என்கிற அமினோ அமிலத்தில் இடக்கை வகை, வலக்கை வகை என்று கண்ணாடிப் பிம்பம்போல இரண்டு உண்டு. கலந்துவிட்டால் எட்டெட்டாய்க் கூட்டம் சேரும், பெரும்பாலும் தன் இனத்தோடு மட்டும். உயிர்கள் ஏன் இடக்கை அமிலங்களையே கட்டிக்கொண்டு அழுகின்றன என்பதற்கு இதில் துப்பு உண்டு என்றார் பேராசிரியர். வலக்கையைக் கனமான அணுக்களால் செய்து கலந்தால், மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் எடைபோட்டு யார் யாரோடு சேர்ந்தார்கள் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

இருபது வருடத்துக்கு முன் அவருக்கு எடை வரைபடத்தில் ஒரே ஒரு சிகரம் வந்தது. இடக்கை வலக்கையை அடியோடு துரத்திவிட்டதாம். அந்த வரைபடம் சட்டம் போட்டு அவர் சுவரில் தொங்குகிறது. அதை மறுபடி எடுத்துக் காட்டினால்தான் பட்டம் என்று தன் ஆராய்ச்சி மாணவியின் தலையில் கட்டிவிட்டார். பாவம், நாலு வருடமாக அவளுக்கு லேசு ஒரு முனையிலும் கனம் மறு முனையிலுமாக இரண்டு சிகரம்தான். "எப்பம்மா முடிப்பே?" என்று மாமியார் கேட்காத நாளில்லை.

அன்று புதுத் தராசு மக்கர் செய்தது. மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்த பழைய தராசில் நிறுத்தாள். வந்தது ஒரே சிகரம்! துள்ளிக் குதித்துப் பேராசிரியருக்குப் போன் போட்டாள்.

கருவியைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டருக்குத்தான் முகம் சுளித்தது. "கலந்த மாதிரியே இல்லையே. எப்படிக் கலந்தே? செஞ்சு காட்டு."

அதற்குள் பேராசிரியரே மூச்சிரைக்க வந்துவிட்டார். "நகரும்மா, நான் காட்டுறேன்."

மேசை நடுவில் இருந்த இரண்டு செரின் புட்டிகளில் எழுதியதெல்லாம் ஸ்பிரிட் பட்டு எப்போதோ அழிந்துவிட்டது. இடப்பக்கம் இருப்பது இடக்கை, வலப்பக்கம் இருப்பது வலக்கை. இது அவர் போட்ட சட்டம். இடப்பக்கப் புட்டியில் ஒரு கரண்டி அள்ளினார். மேசையைச் சுற்றிப்போய், இருபது வருடத்துக்கு முன் செய்தது போலவே பழைய தராசில் நிறுத்தார். அங்கே நின்றபடியே தன் வலப்பக்கம் இருந்த புட்டியில் இன்னொரு கரண்டி.

"சார்," என்றார் ஆபரேட்டர், "ரெண்டு தடவையும் ஒரே புட்டிதான் சார்."

பேராசிரியர் கரண்டியைப் பார்த்தார். புட்டியைப் பார்த்தார். பட்டம் போனதென்றே அவள் நினைத்தாள். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"சார், எனக்கு வந்த ரெண்டு சிகரம்தான் சரி சார்."

அவர் வெளியே போனார். கால்மணி நேரத்தில், சுவரில் தொங்கிய தன் வரைபடத்தைச் சட்டத்தோடு கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

"ஆணி அங்கேயே இருக்கு. உன் படத்தைக் கொண்டா. அப்படியே வீட்டுக்குப் போன் போட்டு, முடிச்சாச்சுன்னு சொல்லு."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஆபரேட்டர் தன் பேனாவை நீட்டினார்.

"அழுகையை அப்புறம் வெச்சுக்கலாம். முதல்ல புட்டியில பேரை எழுது."