முடியக்கா கடை விளம்பரம்

டீச்சர் போன்கூடப் பண்ணாமல் நேரே கடைக்குள் வந்ததுமே முடியக்காவுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. அவளிடம் விக் வாங்குகிறவர்கள் யாரும் அப்படி வருவதில்லை. முன்கூட்டியே நேரம் கேட்டு, தெருவில் ஆள் நடமாட்டம் பார்த்து, சட்டென்று நுழைவார்கள். அவளும் அவர்களை வெளியில் எங்கே கண்டாலும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டாள். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அம்மா தலையில் தன் கைவேலையே உட்கார்ந்திருக்க, சாப்பிடுவதற்கு மட்டும் வாயைத் திறந்துவிட்டு வந்தவள். அன்று ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்தப் பெருமையை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

டீச்சர் போனை மேசைமேல் வைத்தாள். 'முடி கொட்டிருச்சா? கவலைய விடுங்க!' என்று அதில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே கடையின் பெயர்.

"இது ஏங்க்கா எனக்கு வருது?"

முடியக்கா மகளைப் பார்த்தாள். கடைக்குச் சமூக வலைத்தளத்தில் பக்கம் தொடங்கியது மகள்தான். பழைய வாடிக்கையாளர்களின் நம்பர்களைக் கொடுத்தால், அவர்களைப் போன்றவர்களைத் தளமே தேடிப் பிடித்து விளம்பரம் காட்டும் என்று போன வாரம் குதித்தாள். புதிதாக நாலைந்து பேர் விசாரித்தும்விட்டார்கள்.

மகள் திரையைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். முகம் சுருங்கியது. "இந்த நம்பர்காரங்களுக்கு மட்டும் காட்டாதேன்னு தனியா குடுக்கணும்மா. மறந்துட்டேன்."

"அப்ப எல்லாருக்குமா போயிருக்கு?"

"ஆமாம்மா," என்றாள் மகள்.

"ஸ்டாஃப் ரூம்ல டூர் போட்டோ காட்டிட்டிருந்தேன்," என்றாள் டீச்சர். "நடுவுல இது வந்து நிக்குது. உனக்கு எதுக்கு இதெல்லாம் வருதுன்னு சயின்ஸ் மிஸ் கேட்டாங்க. மறைக்கத் தோணல. நான் வச்சிருக்கிறதே விக்குதான்னு சொல்லிட்டேன். வெளையாடாதேன்னு புடிச்சு இழுத்துப் பாத்தாங்க."

கேட்கக் கூடாதுதான். ஆனாலும் முடியக்காவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "வந்துருச்சா?"

"அசையல."

முடியக்காவின் முதுகு தானாக நிமிர்ந்தது. அடுத்த நொடியே வெட்கமாகிவிட்டது. ஊரான் வீட்டு ரகசியத்தைத் தெருவில் போட்டுவிட்டு, நான் போட்ட முடிச்சு அவிழவில்லை என்று பூரித்துப் போகிறாளே!

"நான் சமாளிச்சுட்டேன். எல்லாராலயும் முடியுமாக்கா?"

உடனே முடியக்காவுக்குத் தன்னிடம் விக் வாங்கும் ஒரு சின்னப் பெண்ணின் முகம்தான் நினைவுக்கு வந்தது. கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான். தலையில் பாதிக்குமேல் வழுக்கை என்பது புருஷனுக்கே தெரியாது. அவன் கண்ணில் இது பட்டால் என்ன ஆகும்?

"விளம்பரத்த நிறுத்து. நீ குடுத்த நம்பரையெல்லாம் அழி."

"புதுசா கேக்குறவங்களும் வர மாட்டாங்கம்மா."

"வராட்டிப் போறாங்க. நம்மள நம்பித் தலையக் காட்டுனவங்கள நான் காட்டிக் குடுக்க மாட்டேன்."

தளத்திலிருந்து எல்லாவற்றையும் அழித்தாயிற்று. "பாக்காதவங்களுக்குத் தெரியாமலே போயிரும், யாருக்கும் சொல்லாம விட்ருவோமா?" என்று மகள் இழுத்தாள். முடியக்கா போனை எடுத்து எல்லாருக்கும் முன்னால் அந்தப் பெண்ணை அழைத்தாள். ஆண் குரல் எடுத்தது. இதற்கென்றே ஒரு பொய் அவளிடம் எப்போதும் கைவசம் உண்டு.

"தையல் கடைலருந்து பேசுறேங்க. அவங்ககிட்ட குடுங்க."

பெண் வந்ததும் மூச்சுவிடாமல் சொன்னாள். "எங்க கடை விளம்பரம் உன் போன்ல வந்திருக்கும்மா. நிறுத்திட்டோம். இருந்தாலும் சூதானமா இரு. தப்பு எங்களோடதுதான். மன்னிச்சுரு."

முடியக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"சரிங்கக்கா," என்றது குரல், பக்கத்தில் இருக்கும் புருஷனுக்கும் கேட்கும்படியாக. "அளவு மாறல. அடுத்த வாரம் வந்து வாங்கிக்கிறேன்."

முடியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மகள் அம்மாவின் கையிலிருந்து போனை வாங்கி, அடுத்த நம்பரைத் தானே அழுத்தினாள். எடுத்தது ஒரு குழந்தை.

"தையல் கடைலருந்து பேசுறேன் கண்ணு," என்றாள் அவள், குரலில் ஒரு நடுக்கமும் இல்லாமல். "அம்மாகிட்ட குடு."