காவடிக் கை

பங்குனி உத்திரத்துக்கு மூன்று வாரம் இருந்தது.

மலேசியாவின் செனாவாங் தொழிற்சாலையில் வேலை முடித்து, சசிதரன் மோட்டார் சைக்கிளில் புக்கிட் பெலண்டோக் ரப்பர் தோட்டத்து வீட்டுக்கு வந்தான். அம்மா மயிலம்மாள் வீட்டு வாசலில் காவடியின் பித்தளை மணிகளைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கோயில் தலைவர் அர்ச்சுனன் நாற்காலியில் இருந்தார்.

"இந்த வருசமும் நீதான் மொத காவடி," என்றார். "உனக்கென்னலா, சாமியே மோட்டார் ஹேண்டல் மாதிரி வளைச்சுக் குடுத்திருக்கான்."

சசிதரனின் முழங்கைகள் நிமிராது. பத்து வயதிலிருந்து அப்படி. அண்ணன் ரவிச்சந்திரனுக்கும் அப்படித்தான் இருந்தது. அம்மாவின் தம்பி ராமசாமிக்கும். காவடி பிடிக்க முருகன் மடக்கிவைத்த கை என்று தோட்டத்தில் சொல்வார்கள். அதனால் முதல் காவடி அவர்களுக்கு.

ஆறு வருடங்களுக்கு முன் ரவி காவடியோடு கோயில் வாசலில் விழுந்தான். சாமி இறங்கியிருக்கிறது என்றார்கள். மயிலம்மாள் யாரையும் தொட விடவில்லை. மேளம் நிற்கவில்லை. பூசாரி எலுமிச்சம்பழம் வெட்டி, திருநீறு பூசக் குனிந்தபோதுதான் மூச்சு இல்லாதது தெரிந்தது. முருகன் எடுத்துக்கொண்டான் என்று கூட்டம் கும்பிட்டது. மயிலம்மாளின் காலில் சிலர் விழுந்தார்கள். அவள் அழவில்லை.

அர்ச்சுனன் போகும்வரை சசிதரன் காத்திருந்தான்.

"ரத்தச் சோதனை முடிவு வந்துருச்சும்மா."

"வெறும் மயக்கம்தானே. நேரத்துக்குச் சாப்புட்டா சரியாப்போவும்."

டாக்டர் புனிதா இரண்டு முறை சொல்லியிருந்தாள். அவன் அதே சொற்களை அடுக்கப் பார்த்தான்.

"தசையில இருக்கற ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் கரு இருக்கு. அதச் சுத்தி மெல்லிசா ஒரு உறை. தசை வளரறப்பவும் இழுக்கறப்பவும் அந்த உறைதான் கருவத் தாங்கணும். அதுக்கு எமெரின்ங்கற ஒரு புரதம் வேணும். என் உடம்புல அது இல்ல. அதான் கை நிமிரல."

"கைதானடா. இத்தன வருசம் இருந்தாப்புல இருந்துட்டுப் போவுது."

"நெஞ்சும் தசைதாம்மா. துடிக்க வைக்கிற கரண்டு நடுவுல நின்னுருமாம். பேஸ்மேக்கர் வைக்கணும். அடுத்த வாரம். வச்சா கொஞ்ச நாளைக்குக் கைய மேல தூக்கக்கூடாது."

"காவடி எறக்கிட்டு வச்சுக்க."

"அதுவரைக்கும் தாங்குமான்னு டாக்டருக்கே தெரியல."

"உங்கண்ணன் எடுத்த காவடிடா. அதக் கீழ போடச் சொல்றியா?"

இந்தக் குறை தாய் வழியாக வருவது என்றும் டாக்டர் சொல்லியிருந்தாள். அதை அவன் சொல்லப்போவதில்லை. அம்மா வேண்டாம் என்றால் பேஸ்மேக்கர் வைத்துக்கொள்ளத் தன்னால் முடியாது என்பதும் அவனுக்குத் தெரியும்.

மயிலம்மாள் மணியைத் தேய்த்தாள். பிறகு தேய்ப்பது நின்றது.

"ரவிக்கும் இதேதானா?"

"இதாத்தான் இருக்கும்னாங்க."

பக்கத்து வீட்டில் யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்தார்கள். வாளி நிறையும்வரை அவள் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போய் வச்சுக்க," என்றாள். "அர்ச்சுனங்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

"சரிம்மா."

அவள் புளிக்கையைச் சேலையில் துடைத்தாள். மகனின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அன்னிக்குக் கீழ கெடந்தப்ப, அவனுக்கு உசிரு இருந்துச்சாடா?"