கைமாறிய பரிவட்டம்

கோயில் வாசலில் ஓரிடத்தில் நிற்க மாட்டாமல் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தார் அழகுராஜா. வெளிநாட்டுத் தூதரகங்களிலேயே தலை நரைத்து, ஓய்வுபெற்ற கையோடு போடிப் பக்கம் ஓட்டுக் கேட்டு வந்தவர். சிலமலையை ஒட்டிய அந்தச் சிற்றூரில், சாமி முன்னால் முதல் பரிவட்டம் யார் தலைக்கு என்று மேலத்தெருவும் கீழத்தெருவும் முறைத்துக்கொண்டதில் பல வருடமாகத் திருவிழாவே இல்லை. இரண்டு நாடுகளையே உட்காரவைத்துப் பேசியவருக்கு இரண்டு தெரு எம்மாத்திரம்? வாய் வலிக்கப் பேசினார். கடைசியில் இந்த வருடம் எந்தத் தெருவுக்கும் இல்லை, பொதுவாக அவர் தலையிலேயே கட்டுவது என்று முடிவானது. மனிதருக்கு உள்ளூர ஒரே பெருமை.

ஏலத்தோட்டத்துப் பெண்கள் லீவு போட்டு, ஜீப்பில் மலையிறங்கி வந்திருந்தார்கள். கீழத்தெரு அன்னக்கொடி பானையோடு நின்றாள். மகளுக்குப் பிள்ளை வரம் கேட்டு நேர்ந்த பொங்கல். சாமி புறப்பட்டால்தான் அடுப்பு மூட்டலாம்.

பூசாரி பரிவட்டம் கட்டினார். கொட்டு முழங்கியது. பக்கத்தில் மேலத்தெருப் பெரியவர் மொக்கச்சாமி கைகூப்பி நின்றார். போன இடமெல்லாம் தனக்குப் போட்ட சால்வையைக் கூட்டத்தில் மூத்தவருக்குப் போர்த்தியே பழகியவர் அழகுராஜா. அந்தப் பாழாய்ப்போன மரியாதை இங்கேயும் கைக்கு வந்தது. பரிவட்டத்தை அவிழ்த்து மொக்கச்சாமி தலையில் கட்டிவிட்டார்.

கொட்டு நின்றது. கீழத்தெரு ஆண்கள் சப்பரத்தைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு நடந்தார்கள். அவிழ்த்தால் சொந்தத் தெரு விடாது என்று மொக்கச்சாமி அசையாமல் நின்றார். தெரியாமல் நடந்துவிட்டது என்று அழகுராஜா மைக்கில் சொன்னதைக் கேட்க ஆளில்லை.

அன்னக்கொடி மட்டும் எதிரே வந்தாள். "நீங்க பெட்டியக் கட்டிட்டுப் போயிருவீக. நாங்க இங்கனதான கெடக்கணும். எம் மகளுக்கு என்னன்னு சொல்லட்டும்?"

அழகுராஜாவுக்கு அந்த இடத்திலேயே அழுதுவிடலாம் போல வெட்கமாக இருந்தது.

காரில் ஏறியதும் கட்சிக்காரர் பிச்சைமணி குனிந்து மெதுவாகச் சொன்னார்: "விடுங்கய்யா. மேலத்தெரு இனி முழுசா நம்ம பக்கந்தேன். கீழத்தெருவ விட அங்கதேன் தலைக்கட்டு அதிகம், ஓட்டும் அதிகம்."

"எவ்வளவு அதிகம்?"

கேட்ட பிறகுதான் அது தன் குரல் என்று அழகுராஜாவுக்கு உறைத்தது. பிச்சைமணி விரல்விட்டுச் சொல்லத் தொடங்கினார். அழகுராஜா நிறுத்தச் சொல்லவில்லை.