கதவுக்குக் கீழே பழைய பேப்பர்

ஜாக்கி மேலே ஏறியது. வண்டி ஏறவில்லை.

பாதி என்று வீட்டில் எல்லோரும் கூப்பிடுகிற அவள், கைப்பிடியை இன்னும் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தாள். கதவுக்குக் கீழே, ஜாக்கி வைப்பதற்கென்றே விட்டிருந்த இடத்தில் மொறமொறவென்று ஒரு சத்தம். துரு ஓட்டையை மறைக்கப் பூசுகிற பட்டி, காய்ந்து கட்டி கட்டியாகத் தரையில் கொட்டியது. ஜாக்கியின் தலை நான்கு விரற்கடை உள்ளே புகுந்து நின்றது. இரும்பாக இருந்தால் புகுந்திருக்குமா? அது இரும்பே இல்லை.

பாதி என்பது அவளுக்கு வைத்த பெயரில்லை, ஒட்டிக்கொண்ட பெயர். சின்ன வயதில் நீச்சல் வகுப்புக்குப் போய் மூன்றாம் வாரமே நின்றுவிட்டாள். கிடார் வாங்கினாள், இரண்டு கம்பி அறுந்ததும் பரணில் போட்டாள். அக்கா கேலியாக வைத்த பட்டம் நாற்பத்தாறு வயதிலும் போகவில்லை. பத்தொன்பது வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறாள், ஒரு நாள்கூட பயணிகளை நடுவழியில் விட்டதில்லை. ஆனால் குடும்பத்தில் யாரும் அதையெல்லாம் கணக்கில் சேர்ப்பதில்லை.

தினமும் எழுநூறு பேரை ஏற்றி இறக்குகிறவளுக்கு இரண்டே பேர் உட்காரக்கூடிய வண்டி மேல் ஆசை வந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அத்தானுடைய கொட்டகையில் கூரை மடக்கும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று பதினைந்து வருடமாகக் கிடந்தது. இருக்கைக்குள் எலி குடித்தனம் நடத்தியது. விலை பேசியபோது அத்தான் போனட்டைத் தட்டிச் சொன்னார்: "மேல தெரியறதப் பாத்து பயப்படாத. துருவெல்லாம் வெறும் தோல்தான். அடிப்பாகம் கல்லு மாதிரி இருக்கு. பதினஞ்சு வருஷமா ஒரு கை படல."

அவள் நம்பினாள். இரண்டு வருடம் விடுமுறை நாளையெல்லாம் அந்த வண்டிக்கே கொடுத்தாள். இன்ஜினைப் பிரித்து மாட்டினாள், பிரேக் குழாய்களை மாற்றினாள், எலி கடித்த வயரை இழை இழையாக இழுத்துப் போட்டாள். அடுத்த மாதம் அரசாங்கத் தகுதிச் சோதனை. அதில் தேறினால்தான் தெருவில் ஓட்டலாம். மிச்சமிருந்தது அடியில் பெயிண்ட் அடிப்பது மட்டும்தான். அதற்குத்தான் ஜாக்கி.

கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை நீளமாக ஒரு இரும்புப் பெட்டி ஓடும். கூரை உள்ள காரில் கூரையும் சேர்ந்து தாங்கும். கூரையில்லாத காருக்கு இரண்டு பக்கமும் ஓடுகிற இந்தப் பெட்டிதான் முதுகெலும்பு. அது உளுத்துப்போனால் வண்டி ஒரு பெரிய பள்ளத்தில் விழும்போது நடுவில் மடங்கும், உள்ளே இருப்பவர்களோடு சேர்த்து.

ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போனாள். டங் என்று கேட்க வேண்டிய இடமெல்லாம் பொத் பொத்தென்றது. பட்டியை நெம்பினாள். அதற்குப் பின்னால் காகிதம். கசக்கித் திணித்த செய்தித்தாள், பெட்டி நெடுக, தலையணைக்குப் பஞ்சு அடைத்த மாதிரி. ஒரு தாளைப் பிரித்தாள். அத்தான் வண்டியைக் கொடுத்ததற்கு மூன்று வாரம் முந்தைய தேதி. திருப்பினால் குறுக்கெழுத்து, பச்சை மையில், கட்டம் கட்டமாக நிரப்பியிருந்தது. பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையான அக்கா, வீட்டிலும் பச்சை மைதான் தொடுவாள். அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் தங்கை எழுதவே கற்றாள்.

காது இரண்டும் சூடாகிவிட்டது. வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

கேன்டீனில் சமைக்கிற அவள் வீட்டுக்காரர் தேநீரோடு எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "போகட்டும் விடேன், சொந்தக்காரங்கள்ல" என்றார்.

"சொந்தக்காரங்கன்னா கொலை பண்ணலாமா? பக்கத்து சீட்ல நீங்கதான உக்காரப் போறீங்க!"

அவர் தேநீரை வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

பட்டியையும் காகிதத்தையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனாள். வரவேற்பறையில் வெள்ளை சோபா, கண்ணாடி மேசை. பையை மேசை மேல் கவிழ்த்தாள்.

அத்தான் பதறிப்போய் எழுந்தார். "என்னம்மா இது குப்பை?"

"உங்க குப்பைதான் அத்தான். கல்லு மாதிரி இருக்குன்னு சொன்னீங்களே, அந்தக் கல்லு."

"பழைய வண்டின்னா அங்கங்க பட்டி இருக்கத்தான் செய்யும். எனக்கு முன்னாடி வச்சிருந்தவன் எவனாவது செஞ்சிருப்பான்."

"அவனுக்கு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வந்த பேப்பர் எப்படிக் கெடச்சுது? அதுல அக்கா எப்படிக் குறுக்கெழுத்து போட்டா?"

அத்தான் தேதியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காப்பீட்டுக் கம்பெனியில் விபத்து வண்டிகளை மதிப்பிட்டே ஓய்வு பெற்றவர் அவர். நசுங்கிய வண்டியையும் அதிலிருந்து யாரை எப்படி எடுத்தார்கள் என்பதையும் ஒவ்வொரு விருந்திலும் வாய் வலிக்கச் சொல்லுவார். விவரம் தெரியாத ஆள் செய்திருந்தால்கூட மன்னித்திருக்கலாம்.

"சரி, நான்தான் வச்சேன். ஓட்டையப் பாத்தா நீ வாங்க மாட்டியேன்னு."

"ஓட்டினா ரெண்டா மடங்கும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"ஓட்டினாத்தானம்மா மடங்கும்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. அதை மூடிவிடப் பார்த்து மேலும் குழி தோண்டினார். "நீ அது வரைக்கும் வருவேன்னு யாரு கண்டா? ரெண்டு மாசம் நோண்டுவ, அப்புறம் துணி போட்டு மூடிருவ. ஏதோ ஆசைப்பட்டியேன்னு கொடுத்தேன்."

பாதி அக்காவைப் பார்த்தாள். அக்கா சோபா உறையின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

"உனக்கும் தெரியுமாக்கா?"

"பேப்பர எடுத்துக் குடுத்ததே நான்தான்" என்றாள் அக்கா. குரலில் கொஞ்சம்கூட நடுக்கமில்லை. "நானும் அப்படித்தான் நினைச்சேன். அதுல என்ன தப்பு? நீ எதை முடிச்சிருக்க, சொல்லு பாப்போம்."

அத்தானின் ஏமாற்று வேலைக்குக் கோபம் வந்தது. இதற்கு வயிறே எரிந்தது. கூடப் பிறந்தவள் உயிருக்கு ஆபத்தில்லை என்று அக்கா நிம்மதியாக இருந்திருக்கிறாள். ஏன்? தங்கை லாயக்கில்லாதவள் என்ற நம்பிக்கை. அவளைக் காப்பாற்றப் போவது அதுதானாம். பாதி காலிப் பையைச் சுருட்டிக்கொண்டாள். இன்னும் ஒரு நிமிடம் நின்றிருந்தால் கண்ணாடி மேசை மிஞ்சியிருக்காது.

"பேப்பர் உங்க வீட்டோடது. நீங்களே வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கட்டிங் மெஷினைத்தான் கையில் எடுத்தாள். அந்தப் பெட்டியை அந்த நிமிடமே அறுத்து எறிய வேண்டும். பிளேடு சுற்ற ஆரம்பித்துவிட்டது. பிறகு அவளே நிறுத்தினாள். தாங்குகிற பெட்டியை அப்படியே அறுத்தால் வண்டியின் உடம்பு தொய்ந்துபோகும், அதன் பிறகு எந்தக் கதவும் மூடாது. முதலில் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். ஆத்திரத்தோடு அளவெடுப்பது எவ்வளவு கொடுமை என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். வீட்டுக்காரர் வாயைத் திறக்காமல் வந்து குழாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். பிடித்ததும் நல்லது, வாயைத் திறக்காததும் நல்லது.

சோதனைத் தேதியைத் தள்ளிப் போட்டாள். உளுத்த பெட்டியை அறுத்தெடுத்துப் புதுத் தகடு வைத்துக் கட்ட வேண்டும், வெல்டிங்கோ அவளுக்குப் புதிது. முதல் எட்டுத் தகடு ஓட்டை விழுந்து குப்பைக்குப் போனது. ஒன்பதாவது வளைந்தது. பகலில் பேருந்தின் ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது முன்கையில் தீப்பொறி பட்ட கொப்புளங்கள் சுருக் சுருக்கென்றன. வேலை அலுக்கும்போதெல்லாம் 'ஓட்டினாத்தானம்மா மடங்கும்' என்ற குரல் காதில் கேட்கும். உடனே முகமூடியைக் கீழே இறக்கிக்கொள்வாள். இடது பக்கம் முடிய இரண்டு மாதம், வலது பக்கத்துக்கு ஐந்து வாரம்.

சோதனை அதிகாரி சின்னச் சுத்தியலோடு வண்டிக்கு அடியில் புகுந்தார். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் தட்டினார். எல்லா இடத்திலும் டங்.

"எந்த ஒர்க்‌ஷாப்ல செஞ்சீங்க?"

"வீட்டுல. நான்தான் செஞ்சேன்."

அவர் அவளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். தாளை எடுத்து முத்திரை குத்தினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூரையை மடக்கிவிட்டு அக்கா வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். ஹாரன் சத்தம் கேட்டு இரண்டு பேரும் வந்தார்கள். அத்தான் கேட் அருகிலேயே நின்றுவிட்டார். அக்காவுக்கு மட்டும் முகமெல்லாம் சிரிப்பு.

"அடிப்பாவி, முடிச்சே புட்டியே! இரு, நானும் வரேன். ஒரு சுத்து கூட்டிட்டுப் போ." கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். நடந்தது எதுவும் நடக்காதது போலப் பக்கத்துக் கதவைத் திறந்தாள். ஏறும்போது மட்டும் கதவுக்குக் கீழே உள்ள அந்த இடத்தில் கால் படாமல், ஈரத் தரையைத் தாண்டுவதுபோலக் காலைத் தூக்கினாள்.

"மிதிச்சு ஏறு" என்றாள் பாதி.

"எதுக்குடி? பெயிண்ட் போயிடும்."

"போகட்டும். மிதி."

அக்கா ஒரு காலை வைத்தாள்.

"ரெண்டு காலையும் வை. முழு பாரத்தையும் போட்டு நில்லு."

முன்கண்ணாடியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அக்கா அந்தப் பெட்டியின் மேல் ஏறி நின்றாள். கனத்த உடம்பு. வண்டி அந்தப் பக்கம் லேசாகச் சாய்ந்து ஸ்பிரிங்கில் அமர்ந்தது. வேறெதுவும் அசையவில்லை.

"மடங்குதா?"

"இல்லடி."

"ஏதாவது சத்தம் கேக்குதா?"

"இல்ல." அக்காவின் குரல் இறங்கியிருந்தது.

"சரி. இறங்கு."

இறங்கச் சொன்னதை வேடிக்கை என்று நினைத்து அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்போடு அத்தான் பக்கம் திரும்பினாள். அவர் சிரிக்கவில்லை.

"இறங்குக்கா."

அக்கா இறங்கினாள். பாதி எட்டிக் கதவைச் சாத்தினாள், கியரைப் போட்டாள், பக்கத்து இருக்கை காலியாக இருக்க அந்தத் தெருவைத் தாண்டிப் போனாள்.